வடிவமைப்புப் பட்டம்: எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுத்துச் சித்தியடைந்தவர். கொழும்பில் நான்கு வருட வடிவமைப்புப் பட்டத்துக்குச் சேர்ந்து, முதலாம் வருடம் முடியப்போகிறது. இதுவரை எல்லாம் கட்டாயப் பாடம், இனிமேல்தான் தெரிவு. "எனக்குக் கையால் செய்கிற பாடங்கள்தான் விருப்பம் அக்கா. ஸ்டூடியோ பாடங்களை எல்லாம் முதலில் எடுத்து முடித்துவிட்டு, எழுத்து வேலை உள்ளவற்றைக் கடைசி வருடத்துக்குத் தள்ளலாமா? ஒரு செமஸ்டருக்கு எத்தனை கிரெடிட் வரைக்கும் தாங்கும்? அம்மா வேறு, கூடக் கூட எடுத்து வேகமாக முடித்தால் காசு மிச்சம் என்கிறா."

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். தள்ளாதீர்கள். அம்மாவின் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் பட்டதைக் கேளுங்கள்.

இரண்டாம் வருடத்தில் நானும் உங்களைப் போலத்தான் யோசித்தேன். ஒரே செமஸ்டரில் எண்ணெய் வர்ண ஓவியம், மட்பாண்டம், ஸ்கிரீன் பிரிண்டிங் மூன்றையும் எடுத்தேன். திங்கள் ஓவியம், புதன் களிமண், வெள்ளி ஸ்கிரீன். நேரசூசியில் ஒன்றோடு ஒன்று முட்டவே இல்லை. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். பதிவுப் படிவத்தில் கையெழுத்து வைத்தவரும் கிரெடிட்டைக் கூட்டிப் பார்த்தாரே தவிர, "பிள்ளை, இது மூன்றும் காய வேண்டிய சாமான் அல்லவா?" என்று கேட்கவில்லை.

முட்டியது காய்கிற நாட்களில். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொழும்புக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கொடியில் போட்ட சட்டையே இரண்டு நாள் எடுக்கும். நான் செய்த சாடியின் அடிப்பாகம் பெருவிரல் தடிப்பு. மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருந்தது. எங்களுக்குக் களிமண் சொல்லித்தந்தவர் ஒரு வழி காட்டியிருந்தார்: சாடியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. வைத்துப் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது. ஆனால் சூளை மறுநாள் ஏற்றுகிறார்கள், அதற்கடுத்த ஏற்றம் ஒப்படை கொடுக்கும் தேதிக்குப் பிறகு. சரி, நடப்பது நடக்கட்டும் என்று உள்ளே வைத்துவிட்டேன். சூடு 100 பாகையைத் தாண்டும்போது மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகி 1600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். தடித்த அடிக்குள் அதற்கு வெளியேற வழி இல்லை. சூளை ஆறி, கதவைத் திறந்தபோது என் சாடி சிறு சிறு ஓடாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரின் கிண்ணங்களையும் சேர்த்து உடைத்திருந்தது. அந்த இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னதுதான் அந்த வருடத்திலேயே எனக்குக் கஷ்டமான வேலை.

அன்றிலிருந்து நான் ஸ்டூடியோ பாடங்களை இரண்டு வகையாகத்தான் பார்க்கிறேன்: காத்திருக்க வைக்கிறவை, காத்திருக்க வைக்காதவை. மட்பாண்டம் முதல் வகை. செய்து, மெதுவாகக் காயவைத்து, 1000 பாகை அளவில் ஒருமுறை சுட்டு, கிளேஸ் (சுட்டால் கண்ணாடி போலாகும் பூச்சு) பூசி மறுபடி சுட வேண்டும். ஒரு கிண்ணத்துக்கே மழைக்காலத்தில் நான்கு கிழமை போய்விடும். எண்ணெய் வர்ணமும் அப்படித்தான். அம்பர் மாதிரி மண் நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் தொட முடியும், டைட்டேனியம் வெள்ளை ஒரு கிழமை போனாலும் விரலில் ஒட்டும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, கூடியது மேலே என்ற ஒழுங்கை மீறினால் பின்னால் வெடிப்பு வரும். அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் பொறுமை வேண்டும். ஸ்கிரீனில் வடிவம் பதிக்கப் பூசுகிற, வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் இருட்டில், ஈரமில்லாத இடத்தில் காய வேண்டும். சரியாகக் காயாமல் வெளிச்சம் காட்டினால், கழுவும்போது உங்கள் வடிவமும் சேர்ந்து சிங்கில் போய்விடும். பத்திக், நெசவு, மரவேலை எல்லாம் இந்தப் பக்கம். கோட்டோவியம், புகைப்படம், காகித மொடல், எழுத்துருவியல் (எழுத்துகளின் வடிவமும் அடுக்கும்), அக்ரிலிக், கணினி வேலை எல்லாம் மற்றப் பக்கம். அங்கே தாமதம் என்றால் அது உங்கள் தாமதம் மட்டும்தான், மழையைக் குறை சொல்ல முடியாது.

ஒரு செமஸ்டருக்குக் காத்திருக்க வைக்கிற பாடம் ஒன்று போதும், அதோடு காத்திருக்க வைக்காதது ஒன்று. களிமண் காய்கிற நாளில் கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல் கோட்டோவியம் செய்யலாம். தெரிவு இருந்தால், காய வேண்டியதை வருடத் தொடக்கத்து வெயில் மாதங்களில் வருகிற செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிரெடிட். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியால வேலை. விரிவுரை மட்டுமில்லை, வீட்டில் செய்வது, வாசிப்பது, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது செமஸ்டருக்கு 15. பதினைந்தை ஐம்பதால் பெருக்கினால் 750 மணித்தியாலம். 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 50. இதுவே ஒரு முழுநேர உத்தியோகத்தை விடக் கூட. 18 எடுத்தால் 60, 21 எடுத்தால் 70. நூறாம் இலக்கப் பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் நிற்கிற நேரம் இதில் சேரவில்லை.

உங்கள் நிறுவனம் பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைக் கொடுக்கிறதா என்று பாருங்கள். அங்கே கணக்கு வேறு: ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம், வருடத்துக்கு 120, சிறப்புப் பட்டத்துக்கு 360. பெரிய இலக்கத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மொறட்டுவையில் படிக்கிற சிநேகிதியின் இலக்கத்தோடு ஒப்பிடவும் வேண்டாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதையும் இப்போதே ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு அரச வேலைக்கோ முதுமாணிக்கோ விண்ணப்பிக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அம்மாவின் கணக்கு இங்கேதான் இடறுகிறது. செமஸ்டருக்கு 18 எடுத்து ஒரு செமஸ்டரை மிச்சம் பிடித்தாலும், இறுதிச் செயற்றிட்டத்தை வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள் என்றால் அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கட்டணம் வருடக் கணக்கில் அறவிடுகிற இடம் என்றால் ஒரு சதமும் மிஞ்சாது. அதோடு புள்ளியும் அடிவாங்கும். 15 கிரெடிட்டில் 6 கிரெடிட் ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஏ எடுக்க வேண்டியவர் பி எடுத்தால், அந்த செமஸ்டரின் ஜிபிஏ, அதாவது சராசரிப் புள்ளி, 0.4 இறங்கும். அதே சறுக்கல் 2 கிரெடிட் பாடத்தில் நடந்தால் 0.13தான். முதல் வகுப்புக்கு 3.70 கேட்கிற நாட்டில் 0.4 சின்ன விஷயம் இல்லை. அம்மாவுக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், என் வீட்டில் அப்படித்தான் வழிக்கு வந்தார்கள்.

பாடங்களைத் தெரியும்போது இரண்டாம் வருடத்திலிருந்து முன்னால் போகாதீர்கள். நாலாம் வருடத்திலிருந்து பின்னால் வாருங்கள். கடைசியில் துணி வடிவமைப்பில் ஒரு தொகுதி செய்ய ஆசை என்றால், அதற்கு அச்சு இரண்டாம் பாடம் முன்தேவை, அதற்கு அச்சு முதலாம் பாடம் முன்தேவை, அந்த முதலாம் பாடம் வருடத்தில் ஒரே ஒரு செமஸ்டரில்தான் நடக்கும். இப்படி ஒரு சங்கிலி இருக்கும். அதில் முதல் கண்ணியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. கையேட்டில் முன்தேவை எழுதியிருப்பார்கள், எந்த செமஸ்டரில் நடக்கும் என்பதை அலுவலகத்தில் கேட்டுத்தான் தெரிய வேண்டும். இன்னும் என்ன செய்யப்போகிறேன் என்றே முடிவில்லை என்றால் பரவாயில்லை. ஆசையான இரண்டு மூன்று முடிவுகளை எழுதி, எல்லாவற்றுக்கும் பொதுவாக வருகிற முதல் கண்ணிகளை முதலில் எடுங்கள்.

முதலாம் வருடத்தில் கோடு, நிறம், வடிவம் என்று எல்லாரையும் ஒன்றாக அரைத்தார்களே, அது வீண் என்று உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு முணுமுணுப்பு தெரிகிறது. அந்த வழக்கத்துக்கு நூறு வயது. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளி தொடங்கியபோது, பட்டறைக்குள் போவதற்கு முன் எல்லாரும் ஆரம்பப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. ஜோஹன்னஸ் இட்டன் நடத்தினார், பின்னர் ஜோசப் அல்பர்ஸ் வெறும் காகிதத்தைக் கொடுத்து, வெட்டி மடித்து அது என்ன தாங்கும் என்று பார்க்கச் சொன்னார். கொழும்பில் உங்களை பிறிஸ்டல் போர்ட் மடிக்க வைத்தது அங்கிருந்து வந்த பழக்கம். அந்தப் பயிற்சிகளை எறியாமல் படமெடுத்து வையுங்கள், போர்ட்போலியோவுக்கு உதவும்.

எழுத்துப் பாடங்களைக் கடைசிக்குத் தள்ளக்கூடாது என்றேன். கடைசி வருடத்தில் ஆய்வுக்கட்டுரையும் இறுதிச் செயற்றிட்டமும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஸ்டூடியோவுக்குத் தீனி அங்கிருந்துதான் வருகிறது. பத்திக், நெசவு எடுக்கிற செமஸ்டரில் இலங்கைக் கைவினை வரலாற்றையும் எடுங்கள். கிறீன் பாத் ஓரமாகப் படம் விற்கிறார்களே, அந்த வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். கொழும்பில் 1877இல் பிறந்தவர், முத்து குமாரசுவாமியின் மகன். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், போன இடத்தில் எல்லாம் நெசவாளரையும் கொல்லரையும் குயவரையும் பார்த்து எழுதி வைத்தார். ஒரு புவியியலாளர் கலை வரலாற்றாளர் ஆன கதை அது. பொருள் எதனால் ஆனது என்று முதலில் பார்க்கிற கண் அவருடையது, ஸ்டூடியோப் பிள்ளைக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

ஓவியம் எடுக்கிற செமஸ்டரில் நவீன கலை வரலாறு. அந்தப் பாடத்தைப் புரொஜெக்டரில் பார்த்துப் படிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். 43 குழு என்ற நவீன ஓவியர் கூட்டத்தின் ஓவியங்கள் பார்ன்ஸ் பிளேஸில், அவர்களில் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டிலேயே சபுமல் பவுண்டேஷனில் தொங்குகின்றன. 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டைச் சுற்றிச் சேர்ந்தவர்கள்: ஜோர்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல, இன்னும் சிலர். படத்தில் இருந்து ஒரு முழம் தள்ளி நின்றால் தூரிகை போன திசை தெரியும், எந்த அடுக்கு முதலில் காய்ந்தது என்றுகூடச் சொல்லலாம். அங்கே ஒரு சனிக்கிழமைக் காலை செலவழித்தால் மூன்று விரிவுரைக்குச் சமம். ஹோர்ட்டன் பிளேஸில் ஜே.டி.ஏ. பெரேரா கலரி இருக்கிறது, கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்துக்குரியது. மாணவர் கண்காட்சி நடக்கும்போது போய், இறுதி வருடத்தில் மற்றவர்கள் எந்த அளவில் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் திட்டத்தின் அளவு அதைப் பார்த்தால்தான் பிடிபடும்.

மென்பொருள் பாடங்களைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் என்று பெயரிலேயே மென்பொருள் இருக்கிற பாடத்துக்குத் தெரிவுக் கிரெடிட்டைச் செலவழிக்காதீர்கள். அவற்றை விடுமுறையில் வீட்டில் இருந்து கற்கலாம், பிளெண்டர் மாதிரிச் சில மென்பொருள் இலவசமாகவும் கிடைக்கிறது. சூளையையும் தறியையும் வெள்ளவத்தை பிளாட்டில் வைக்க முடியாது. கட்டணம் கட்டுவது, வீட்டில் இல்லாத சாமானுக்கும் பக்கத்தில் நின்று கையைத் திருத்துகிற ஆளுக்கும்தான்.

ஒரு தெரிவை மட்டும் எப்படியாவது எடுங்கள் என்று கெஞ்சுவேன்: எழுத்துருவியல். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. அதனால் இந்த நகரத்தில் பெயர்ப்பலகை, படிவம், மருந்துப் பெட்டி, பஸ் பலகை என்று மூன்று மொழியில் வடிவமைக்கிற வேலை முடிவதே இல்லை. பெரும்பாலானவற்றில் தமிழைக் கடைசியில் மிஞ்சிய இடத்தில் திணித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிகிற பலகை தமிழில் 'வெளியேறும் வழி' என்று ஏழு எழுத்து எடுக்கும். அதிலும் 'கொ' என்ற ஒரு எழுத்து கொம்பும் காலுமாக மூன்று எழுத்தின் அகலம் கேட்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால், மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'கீ'யோடு போய் இடிக்கும். இதைப் பார்த்தவுடன் பிழை என்று கண்டுபிடிக்கிற கண் உங்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது, வகுப்பில் மற்றவர்களுக்கு இல்லை. இறுதிச் செயற்றிட்டத்துக்குத் தலைப்பு இல்லாமல் தவிக்கிற நாள் வந்தால், கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கிப் பலகைகளைப் படமெடுத்துக்கொண்டு வாருங்கள்.

மொழி என்றவுடன் இன்னொன்று. ஜூரியில், அதாவது மதிப்பிடுகிற குழுவுக்கு முன், உங்கள் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேச வேண்டிவரும். வேலை நல்லதாக இருந்தும் வாய் வராமல் புள்ளி இழந்த தமிழ்ப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்துப் பாடம் ஒன்றை இரண்டாம் வருடத்திலேயே எடுக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள், சொல்ல விஷயம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு மொழிபெயர்க்கலாம். சிங்களமும் கொஞ்சம் வேண்டும். பட்டறையில் உதவிக்கு நிற்கிறவர், புறக்கோட்டைத் துணிக்கடைக்காரர், நுகேகொடையில் அச்சடிக்கிறவர் எல்லாரும் அந்த மொழியில்தான் உங்களுக்கு இரகசியம் சொல்வார்கள்.

கைத்தொழில் பயிற்சி மூன்றாம் வருட முடிவில் வந்தால் நல்லது. துணி, உடை என்றால் ஆடைத் தொழிற்சாலைகள், கிராபிக் என்றால் விளம்பர நிறுவனங்கள். அதே காலத்தில் ஆய்வுக்கட்டுரையைத் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். தொழிற்சாலையில் இருந்து வீடு வரும்போது கண் சிவந்துதான் இருக்கும்.

ஆக, உங்கள் இரண்டாம் வருட முதல் செமஸ்டரை நான் எழுதினால் இப்படித்தான் இருக்கும்: மட்பாண்டமோ அச்சோ ஒன்று, எழுத்துருவியல், அந்த ஸ்டூடியோவுக்குப் பொருந்துகிற வரலாற்றுப் பாடம், மீதி கட்டாயப் பாடம். 15ஐத் தாண்ட வேண்டாம். தாண்டியே ஆக வேண்டும் என்றால், அந்த மேலதிகப் பாடம் எழுத்துப் பாடமாக இருக்கட்டும்.

படிவம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விரிவுரையாளரிடம் போகாதீர்கள், பட்டறையைத் திறந்து பூட்டுகிறவரிடம் போங்கள். வருகிற செமஸ்டரில் சூளை எந்தெந்தத் தேதியில் ஏற்றுகிறார்கள், ஸ்கிரீன் அறையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம், சனிக்கிழமை திறப்பார்களா என்று கேளுங்கள். ஒரு பிளேன்டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. அந்தத் தேதிகளைக் கலண்டரில் குறித்து, ஒப்படை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அப்புறம் உங்கள் தெரிவுகளைப் பென்சிலால் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.